யூட்டிலிட்டியில் துணி துவைத்தாலே தரையெல்லாம் தண்ணீர்: கோளாறு மெஷினிலா, குழாயிலா?

நீலவாளி · திங்கள், இரவு 9.10

மூன்று வாரமாக இதே பாடு. துணி துவைக்கும் ஒவ்வொரு முறையும் யூட்டிலிட்டித் தரை குளமாகிவிடுகிறது. முதலில் அறையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே சுவரில் முன்கதவு வாஷிங் மெஷின், அதன் தலைமேல் டிரையர், வலப்பக்கம் துணி அலசும் தொட்டி. மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் ஹோஸ், சுவரோரம் நிற்கிற 40 மி.மீ. பிவிசி குழாய்க்குள் இறங்குகிறது. தொட்டித் தண்ணீரும் கீழே அதே குழாயில் வந்து சேர்ந்து, தரையை ஒட்டிப் போய், அலமாரிக்குப் பின்னால் சுவரைத் தாண்டி வெளியேறுகிறது. டிரையரின் சின்ன ஹோஸ் மட்டும் தரையிலிருக்கும் ஃப்ளோர் ட்ராப்பில் (சல்லடை போட்ட தரை வடிகாலில்) சொட்டும்.

மெஷின் தண்ணீரைத் தள்ளத் தொடங்கியதும் ஒன்றும் ஆவதில்லை. பத்துப் பதினைந்து நொடி கழித்துத்தான் அந்த நிற்கும் குழாயின் வாயிலிருந்து நுரையோடு பொங்கி வழிகிறது. ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, பம்பு வலுவிழந்துவிட்டது என்று புதிது போட்டார். அதன்பிறகு வழிவது கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. குழாய் வாயைச் சுற்றி டேப் ஒட்டிப் பார்த்தோம். மெஷின் பாதியில் நின்று பிழைக்குறி காட்டியது. டேப்பை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் சுவரடியில் இறங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவசரக்கை · திங்கள், இரவு 9.32

குழாய் அடைப்புதான், சந்தேகமே இல்லை. அடைப்பு நீக்கும் காஸ்டிக் பொடியைக் கொட்டி, மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் சமையலறை சிங்க் அடைப்பு அதில்தான் போனது.

பம்புவைத்தியர் · திங்கள், இரவு 10.05

கொஞ்சம் பொறுங்க, எதையும் கொட்டாதீங்க. மெஷின் வேலைதான் எனக்குத் தொழில், அதனால சொல்றேன். உங்க பதிவுலயே விடை பாதி இருக்கு. புதுப் பம்பு போட்டதும் வழியறது கூடிச்சுன்னா, மெஷின் தன் வேலையைச் செய்யுது, வாங்குற குழாய்தான் வாங்கலைன்னு அர்த்தம். வலு கூடின பம்பு அதே தண்ணியை இன்னும் வேகமா தள்ளுது, அவ்வளவுதான்.

ஆனா ஊகத்துல ஒரு தடவை செலவு ஆயிடுச்சு, இன்னொரு தடவை வேண்டாம். மெஷினையும் குழாயையும் பிரிச்சுப் பாருங்க. ஹோஸைக் குழாயிலேருந்து உருவி, 10 லிட்டர் வாளிக்குள்ள விடுங்க. வாளியைத் தரையில வைக்காதீங்க, இடுப்பு உயரத்துக்கு ஸ்டூல் மேல வச்சு ஹோஸைக் கையால பிடிச்சுக்கங்க. ஹோஸ் கீழே இறங்கினா பம்பு இல்லாமலே தண்ணி தானா இழுத்துக்கிட்டு வந்துடும், சோதனை பொய்யாயிடும். வெறும் டிரம்முல தண்ணி ஏற விட்டு, வெளியேத்துற சுழற்சியைப் போடுங்க. முன்கதவு மெஷினுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள வாளி நிறைஞ்சா பம்பு நல்லாயிருக்கு. வாளி நிறையறதுக்குள்ள மெஷினை நிறுத்த ஒரு ஆள் பக்கத்துல இருக்கட்டும்.

நூல் மாதிரி வந்தா மட்டும் ஃபில்டரைத் திறங்க. முன்பக்கம் கீழே சின்ன கதவு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, வெந்நீர்ல ஓடியிருந்தா ஆற விட்டு, அகலத் தட்டு ஒண்ணை வச்சுட்டுத் திருகுங்க. உள்ளே விரலை விட்டு இம்பெல்லரை, அதாவது பம்போட சின்ன விசிறியைச் சுத்திப் பாருங்க. தடுக்கித் தடுக்கிச் சுத்தும். அது கோளாறு இல்லை, உள்ளே இருக்குற காந்தத்தோட குணம். அதைப் பார்த்துட்டு "பம்பு பிடிச்சுக்கிச்சு"ன்னு நல்ல பம்பைத் தூக்கிப் போட்ட வீடு எனக்குத் தெரியும்.

செவ்வந்தி · திங்கள், இரவு 10.40

காஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான், அவசரக்கையின் யோசனை எனக்குக் கவலை தருகிறது.

சமையலறை சிங்க்கில் அடைப்பது எண்ணெய்ப் பிசுக்கு. காஸ்டிக் சோடா அதைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். தலைமுடியையும் அரிக்கும். ஆனால் சலவை மெஷின் குழாயில் சேர்வது பெரும்பாலும் துணிப்பஞ்சு. பருத்தியைக் காஸ்டிக் கரைக்காது. நூலுக்குப் பளபளப்பும் சாயம் பிடிக்கும் தன்மையும் வருவதற்காக ஆலைகளிலேயே பருத்தியைக் காஸ்டிக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். அப்படி முக்கி எடுத்த நூல் முன்பைவிட உறுதியாகத்தான் வெளிவருகிறது. ஆக, உங்கள் அடைப்பு அப்படியே இருக்கும். அதன் மேல் காஸ்டிக் கரைசல் தேங்கி நிற்கும். அடுத்து அடைப்பெடுக்க ஸ்பிரிங் கம்பி விடுகிறவரின் முகத்தில் அது தெறித்தால் கண் போய்விடும். பொடி கரையும்போதே சூடு கிளம்பும், அதோடு கொதிநீரும் சேர்ந்தால் பிவிசி இளகி வளைந்துவிடும்.

வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து ஊற்றுவார்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். நுரை வருகிறதே என்று நம்பிவிடுகிறோம். எல்லாவற்றையும்விட ஆபத்து, பிளீச் ஊற்றிய குழாயில் அமிலம் ஊற்றுவது. குளோரின் வாயு வரும். யூட்டிலிட்டி போன்ற சின்ன அறையில் அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தாங்காது.

அவசரக்கை · திங்கள், இரவு 10.58

பருத்தி விஷயம் தெரியாது. பொடி யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், நீலவாளி, அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம்மாடி · செவ்வாய், காலை 7.15

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னியுங்கள். எங்களுக்கு நேர் எதிரான தொல்லை. தண்ணீர் வழிவதே இல்லை, ஆனால் மெஷின் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரச் சலவை மூன்று மணி நேரம் ஓடுகிறது. வெந்நீர் வைத்தாலும் கதவுக் கண்ணாடி சுடுவதில்லை. இடம் மாற்றி வைத்த நாளிலிருந்து இப்படி.

பம்புவைத்தியர் · செவ்வாய், காலை 8.02

@இரண்டாம்மாடி, ஹோஸ் நுனி எங்கே இருக்கு? தரையில படுத்து ஃப்ளோர் ட்ராப்புக்குள்ள போகுதா?

இரண்டாம்மாடி · செவ்வாய், காலை 8.20

ஆமாம், நேராகத் தரை ஓட்டைக்குள்தான் விட்டிருக்கிறோம்.

பம்புவைத்தியர் · செவ்வாய், காலை 8.31

அதுதான். டிரம்முல நிக்கிற தண்ணி மட்டத்தைவிட ஹோஸ் நுனி தாழ்ந்து இருந்தா, ஒரு தடவை பம்பு இழுத்துவிட்டதும் மிச்சம் தானாவே இறங்கிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் டேங்க்குல குழாய் போட்டு உறிஞ்சுவாங்களே, அதே கதை. மெஷின் ஏத்தும், ஹோஸ் இறக்கும், சூடு ஏற்றின தண்ணியும் கூடவே போயிடும். ஹோஸைத் தரையிலேருந்து 60 செ.மீ.க்கு மேல தூக்கி, அந்த உயரத்துல கட்டிட்டு, அப்புறம் இறக்குங்க. ஆனா மேல் நுனியில அடைக்காம, பெரிய குழாய் வாய்க்குள்ள தொங்குற மாதிரி இருந்தாத்தான் காத்து உள்ளே போய் அந்த உறிஞ்சல் அறும். அதிகபட்ச உயரம் பல மெஷினுக்கு 1 மீட்டர்கிட்ட. உங்க மெஷினோட புத்தகத்துல எழுதியிருக்கறதைத்தான் கணக்குல எடுத்துக்கணும்.

வாட்டம்பார் · செவ்வாய், மதியம் 1.45

நீலவாளி அம்மா, நான் குழாய் வேலை செய்றவன். டேப் ஒட்டினேன்னு எழுதியிருக்கீங்க. இனிமே எந்தக் காலத்திலேயும் அதைச் செய்யாதீங்க. ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவுல இடைவெளி விடறது அஜாக்கிரதை இல்ல, வேணும்னே விடறது. தண்ணி கீழே போக காத்து உள்ளே வரணும். வாயைக் கட்டிட்டா, பம்பு தள்ளுற தண்ணி தொட்டி வழியா மேல வரும், இல்லேன்னா கீழே இறங்கும்போது ட்ராப்புல, அதாவது குழாயோட அடி வளைவுல, நிக்கிற தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிட்டுப் போகும். அந்த ட்ராப்புல நிக்கிற 5 செ.மீ. தண்ணிதான் சாக்கடைக் காத்து வீட்டுக்குள்ள வராம காவல் காக்குது. ஹோஸை உள்ளே நுழைக்கறதும் ஒரு சாண் போதும். ஆழமா திணிச்சா நுனி ட்ராப்புத் தண்ணியிலேயே முங்கிடும்.

இப்போ எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, தொட்டியை நிறைச்சுட்டு அடைப்பானைத் திறந்தா, மெஷின் குழாயில என்ன நடக்குது? தண்ணி மேல வருதா, களக் களக்னு சத்தம் மட்டுமா? ரெண்டு, ஹோஸை எடுத்துட்டு, லிட்டர் அளவு தெரிஞ்ச சொம்பால அந்தக் குழாய்ல வேகமா தண்ணி ஊத்துங்க. எத்தனையாவது லிட்டர்ல வாய் வரைக்கும் ஏறுதுன்னு எண்ணுங்க. மெஷின் பிளக் பிடுங்கியிருக்கணும். பிளக் பாயின்ட் தண்ணி தெறிக்கிற உயரத்துல இருந்தா மெயினையே அணைச்சுடுங்க. ஈரத் தரையில நின்னுக்கிட்டு மெஷினைத் தொடாதீங்க.

நீலவாளி · செவ்வாய், இரவு 8.50

எல்லாம் செய்து பார்த்தேன், எழுதி வைத்துக்கொண்டே செய்தேன்.

வாளிச் சோதனை: 10 லிட்டர் 35 நொடியில் நிறைந்துவிட்டது. ஆகவே பம்பில் பழுதில்லை.

தொட்டி: நிறைத்துத் திறந்தால் மெஷின் குழாயில் முதலில் களக் சத்தம், பிறகு தண்ணீரே ஏறி வாய்க்கு ஒரு கை கீழே வரை வந்து நிற்கிறது.

சொம்புச் சோதனை: மூன்று லிட்டர் வரை விழுங்கியது. நாலாவது லிட்டரில் வாயைத் தொட்டது. அப்புறம் மெதுவாக இறங்கியது, முழுக்க வடிய நாலு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

வாட்டம்பார் · செவ்வாய், இரவு 9.15

தொட்டித் தண்ணி மெஷின் குழாயில ஏறுதுன்னா, ரெண்டும் சேர்ற இடத்துக்கு அப்பால அடைப்பு. தொட்டி மட்டும் தேங்கியிருந்தா அடைப்பு தொட்டிப் பக்கம். மெஷின் குழாய் மட்டும் தேங்கியிருந்தா நிக்கிற குழாயில. பாதி அடைச்சிருக்கு, முழுசா இல்ல. அதனாலதான் மெதுவா வடியுது.

கணக்கன் · செவ்வாய், இரவு 10.20

நீலவாளி கொடுத்த எண்களை வைத்து இடத்தையே ஓரளவு சொல்லிவிடலாம்.

40 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1.25 லிட்டர் பிடிக்கும். 4 லிட்டர் போனது. அதில் நிற்கும் குழாய் 80 செ.மீ. என்று வைத்தால் அதற்கு 1 லிட்டர். தொட்டிப் பக்கக் குழாயிலும் தண்ணீர் அதே மட்டத்துக்கு ஏறியிருக்குமே, அது 60 செ.மீ. என்றால் இன்னொரு முக்கால் லிட்டர். மிச்சம் 2.25 லிட்டர். வகுத்தால் 1.8 மீட்டர். இணைப்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் அடைப்பு இருக்க வேண்டும்.

முதல் பதிவில் சொன்ன பத்துப் பதினைந்து நொடியும் இதற்கு ஒத்துப்போகிறது. 35 நொடிக்கு 10 லிட்டர் என்றால் 14 நொடிக்கு 4 லிட்டர்.

வாட்டம்பார் · செவ்வாய், இரவு 10.44

கணக்கு அழகா இருக்கு, ஆனா ஒரு திருத்தம். ஊத்தும்போதே கொஞ்சம் ஒழுகிப் போயிட்டு இருந்திருக்கும், பாதி அடைப்புதானே. அந்தத் தண்ணியையும் நீங்க குழாய்க்குள்ள நிக்கிறதா எண்ணிட்டீங்க. அதனால 1.8 மீட்டர்ங்கறது எல்லை. அதுக்கு அங்கிட்டு இருக்காது, இங்கிட்டுத்தான் இருக்கும். அலமாரிக்குப் பின்னாடிதான் குழாய் போகுதுன்னீங்க. சாமானை எடுத்துட்டு ரசமட்டம் வச்சுப் பாருங்க அம்மா. வாட்டம், அதாவது சரிவு, மீட்டருக்கு 2 செ.மீ. இருக்கணும்.

கணக்கன் · செவ்வாய், இரவு 10.51

சரிதான், ஒழுகியதை விட்டுவிட்டேன்.

நீலவாளி · புதன், மாலை 6.30

அலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றினேன். சலவைத்தூள் டப்பாக்கள், பழைய இரும்புச் சாமான் பை எல்லாவற்றையும் நாங்கள் குழாயின் மேலேயே அடுக்கியிருந்திருக்கிறோம். நடுவில் இருந்த கிளாம்ப் உடைந்து தொங்குகிறது. இணைப்பிலிருந்து நாடா வைத்து அளந்தேன், 1.4 மீட்டரில் குழாய் தொய்ந்து கிடக்கிறது. ரசமட்டத்தின் குமிழி அந்த இடத்தில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. தொய்வு முடிந்து ஒரு சாணில், சுவருக்குள் நுழையுமிடத்தில், செங்கோணமாக வளைந்த ஒரு நேர் எல்போ.

எவ்வளவு நாளாக இப்படியோ தெரியவில்லை. பை அங்கே வந்து ஆறு மாதம் இருக்கும்.

வாட்டம்பார் · புதன், இரவு 7.05

இதுக்கு மேல ஸ்பிரிங் கம்பி விட்டு என்ன பண்றது? கம்பி ஒரு ஓட்டை போடும், ஒரு மாசம் ஓடும், திரும்பவும் அதே பள்ளத்துல பஞ்சு படியும். தண்ணி போகும்போது பஞ்சைத் தூக்கிட்டுப் போகுது. வேகம் செத்த இடத்துல இறக்கி வச்சுடுது. சோப்பும் உப்புத்தண்ணியும் சேர்ந்து வர்ற வெள்ளைப் பிசுக்கு அதை ஒட்ட வைக்குது. பள்ளம் இருக்கற வரைக்கும் பஞ்சு அங்கே குடியிருக்கும்.

அந்தத் துண்டை அறுத்து எடுக்கச் சொல்லுங்க. மறுபடி 40 வேண்டாம், இணைப்புலேருந்து வெளியே வரைக்கும் 50 போடச் சொல்லுங்க. நேர் எல்போவுக்குப் பதிலா 45 பாகை எல்போ ரெண்டு, நடுவுல கொஞ்சம் இடம் விட்டு. அது பக்கத்துலயே திருகுமூடி வச்ச ஒரு ஒய் இணைப்பு. அடுத்த தடவை குழாயை அறுக்காம கம்பி விடலாம். கிளாம்ப் அரை மீட்டருக்கு ஒண்ணு. வளைஞ்சு கொடுக்கிற மடிப்புக் குழாயைக் கொண்டாந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. அந்த மடிப்பு ஒவ்வொண்ணும் பஞ்சுக்கு ஒரு மாடம்.

பம்புவைத்தியர் · புதன், இரவு 7.40

மெஷின் பக்கம் என் பங்கு. சலவைத்தூளைக் குறைங்க. நுரையோட வழியுதுன்னு சொன்னீங்க, முன்கதவு மெஷினுக்கு அவ்வளவு நுரையே ஆகாது. நுரையைப் பம்பால தள்ள முடியாது, காத்தைத் தள்ளுற மாதிரிதான். குழாய்லயும் தண்ணியைவிட நுரை முதல்ல பொங்கும்.

நீலவாளி · ஞாயிறு, மதியம் 12.15

வேலை முடிந்தது. வெட்டியெடுத்த துண்டை நானே வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரக் கம்பளி மாதிரி இறுகிப்போயிருக்கிறது. மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. அதற்குள் ஒரு குழந்தைக் காலுறையின் நூல், ஒரு சட்டைப் பொத்தான்.

50 மி.மீ. குழாய், 45 பாகை எல்போ இரண்டு, திருகுமூடி எல்லாம் போட்டாகிவிட்டது. சொம்புச் சோதனையை மறுபடி செய்தேன். வாளியையே கவிழ்த்தேன், வாய் பக்கம் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று சலவை போட்டாயிற்று, தரை காய்ந்து கிடக்கிறது. டிரையர் ஹோஸும் தரையில் கிடந்து காலில் தட்டுகிறதே என்று, அதையும் எடுத்துப் புதுக் குழாயிலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது அறை பார்க்கவே நன்றாக இருக்கிறது.

வாட்டம்பார் ஐயா, பம்புவைத்தியர், செவ்வந்தி, கணக்கன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டாம்மாடி · ஞாயிறு, மாலை 5.00

எங்களுக்கும் தீர்ந்தது. ஹோஸை 70 செ.மீ. உயரத்தில் கட்டியதும் சலவை பழைய நேரத்துக்கே முடிகிறது.

நீலவாளி · நான்கு வாரம் கழித்து, சனி, காலை 10.20

மறுபடியும் வருகிறேன். தண்ணீர் சொட்டு வழியவில்லை, ஆனால் நாலைந்து நாளாக யூட்டிலிட்டியில் சாக்கடை வாடை. காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிறது. புதுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் காகிதம் வைத்து ஒற்றிப் பார்த்தேன், ஈரமே இல்லை. நிற்கும் குழாயின் வாயில் மோந்து பார்த்தால் சோப்பு வாசம்தான். வேலை செய்தவர்கள் ட்ராப்பை எடுத்துவிட்டார்களோ?

வாட்டம்பார் · சனி, காலை 11.05

அந்த வாய்ல சோப்பு வாசம்தான்னா அந்த ட்ராப் நல்லா இருக்கு. டார்ச் எடுத்து ஃப்ளோர் ட்ராப்பைத் திறந்து உள்ளே அடிங்க. தண்ணி மினுங்குதா?

நீலவாளி · சனி, காலை 11.20

இல்லை. அடிவரை காய்ந்து, தூசி படிந்திருக்கிறது. வாடை அங்கிருந்துதான்.

வாட்டம்பார் · சனி, காலை 11.48

டிரையர் ஹோஸை எடுத்தீங்கல்ல, அதுதான் காரணம். துணியிலேருந்து பிழிஞ்ச ஆவித்தண்ணி சொட்டுச் சொட்டா அந்த ஃப்ளோர் ட்ராப்பை இத்தனை வருஷம் நிறைச்சு வச்சிருந்தது. இப்போ அதுக்குத் தண்ணி கொடுக்க ஆளே இல்ல. தரையையும் தண்ணி ஊத்திக் கழுவ மாட்டீங்க, துணியால துடைப்பீங்க. நிக்கிற 5 செ.மீ. தண்ணி நாலு வாரத்துல ஆவியாப் போயிடுச்சு.

டிரையர் ஹோஸைப் பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. அது உங்க டிரையருக்கும் நல்லது. ஒரே குழாயில ரெண்டும் இருந்தா, என்னைக்காவது அடைப்பு வந்து மெஷின் தண்ணி பொங்கும்போது அந்தச் சின்ன ஹோஸ் வழியா டிரையருக்குள்ள அழுக்குத்தண்ணி ஏறலாம். காலில் தட்டாம சுவரோரமா கிளிப் அடிச்சுக் கொண்டு போங்க. நுனி தண்ணிக்குள்ள முங்கக் கூடாது, சல்லடைக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்கணும். முதல்ல ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திடுங்க.

நீலவாளி · சனி, இரவு 8.35

சொம்புத் தண்ணீர் ஊற்றி ஜன்னலைத் திறந்து வைத்தேன், மாலைக்குள் வாடை போய்விட்டது. ஹோஸ் சுவரோரமாகப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, சல்லடைக்கு இரண்டு விரக்கடை மேலே. இப்போது டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது, சொட்டுகிற சத்தம் கேட்கிறது.